பணம் போய்ச் சேர்ந்ததா?



மத்ரஸாவில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒருவன், வங்கிக் கணக்கைப் பற்றி எழுத முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. கூட்டல் கழித்தலுக்கு அப்பால் கணக்கு எனக்கு எட்டாத துறை. ஆயினும், வங்கியிலிருந்து எடுத்த ஓர் அறிக்கையை அரைகுறையாகப் படித்த காரணத்தால், குற்றமற்ற இருவர் மீது ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பழி விழுந்ததைக் கண்டவன் நான். அதில் என் பங்கு சிறிதன்று. அதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியது. உங்களில் பலர் பள்ளிவாசல், மத்ரஸா, பைத்துல்மால் ஆகியவற்றின் வரவு செலவைப் பார்த்துக்கொள்பவர்கள். வேறு பலர், வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வந்தால்தான் அடுப்பெரியும் இல்லங்களில் வாழ்பவர்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சாரல் காலத்தில் வந்த தாய்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பூந்தூறல் விழுவதும், மேற்கே மலைமுகடுகள் மேகத்துக்குள் மறைவதும், பேரருவிக்குச் செல்லும் வண்டிகள் எங்கள் தென்காசித் தெருக்களை அடைத்துக்கொள்வதும் அந்த மாதத்தின் வழக்கம்.

எங்கள் மத்ரஸாவில் தந்தையை இழந்த பிள்ளைகள் ஒன்பது பேருக்குப் படிப்புச் செலவுக்காக உதவி செய்து வருகிறோம். அவர்களுடைய தாய்மார்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 3,000 ரூபாய் அனுப்புவோம். பணம் அனுப்புவது இணையவழியாகவே நடக்கும். அதில் இருவர் கை உண்டு. தொகையையும் பெறுபவரையும் கணினியில் பதிவு செய்பவர் எங்கள் கணக்கர். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; அறுபதைக் கடந்தவர். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாரும் அவரைக் ‘கணக்கு மாமா’ என்றே அழைப்போம். அவர் பதிவு செய்ததைச் சரிபார்த்து அனுமதி அளிப்பவன் நான். உதவி பெறுவோரின் பெயரையும் கணக்கு எண்ணையும் முதன்முதலில் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பும் அப்போது என்னிடமே இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை, செங்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி வந்தார். முந்தானையால் தலையையும் மழை நனைத்த முகத்தையும் மூடியபடி வாசலிலேயே நின்றார். நெடுநேரம் தயங்கிய பின், “ஹஜ்ரத், மத்ரஸாவில் பணத்துக்குக் கஷ்டமா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. “மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வசூல் குறைந்திருக்கும், கேட்டால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பொறுத்திருந்தேன். இப்போது பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமாகிறது. அதனால்தான் வந்தேன்” என்றார்.

நமக்குச் சங்கடம் நேரக்கூடாதென்று மூன்று மாதம் வாய் திறவாதிருந்த அந்தத் தாயின் பண்பை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களுக்குமான 9,000 ரூபாய் எங்கே போயிற்று என்பது மட்டுமே என் மனத்தில் ஓடியது.

முதற்பழி

மறுநாள் இஷாத் தொழுகைக்குப் பின் நிர்வாகிகள் கூடினோம். கணக்கு மாமாவை அழைத்துக் கேட்டோம். “மாதந்தோறும் முதல் வாரத்தில் ஒன்பது பேருக்கும் பதிவு செய்திருக்கிறேன். ஹஜ்ரத் அனுமதி கொடுத்திருக்கிறார். வங்கி அறிக்கையை எடுத்துப் பாருங்கள்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஒருவர் குற்றவாளியின் மௌனம் என்று எண்ணினார். மற்றொருவர், அவருடைய மகன் அவ்வாண்டு சீசனுக்குக் கடை போட்டதைச் சுட்டிக்காட்டி, “முதலுக்குப் பணம் எங்கிருந்து வந்ததோ?” என்றார். கணக்கு மாமா எழுந்து, சாவிக்கொத்தை மேசைமீது வைத்துவிட்டு, ஸலாம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அந்த வாரம்தான் நான் பிள்ளைகளுக்கு அல்ஹுஜுராத் அத்தியாயத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிறர்மீது வீண் ஐயம் கொள்ளலாகாது என்று எச்சரிக்கும் அத்தியாயம் அது. பகலில் அதை ஓதிக் கொடுத்தவன், இரவில் ஒரு முதியவர் தலை குனிந்து செல்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தேன்.

இரண்டாம் பழி

வெள்ளிக்கிழமை காலை, என் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்தேன். பரிமாற்ற வரலாறு என்ற பகுதியில், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று குறித்துக் கொடுத்தால், அக்காலத்தில் அனுப்பிய பணங்கள் வரிசையாக வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரை கேட்டேன். வந்தது. மூன்று மாதத்திலும் அந்தச் சகோதரியின் பெயர் இருந்தது. தொகை 3,000. நிலை: வெற்றி. கணக்கு எண்ணின் முற்பகுதி மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அவர் கொடுத்திருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் அவையே.

எனக்குப் பெரும் நிம்மதி. ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் காட்டினேன். கணக்கு மாமா குற்றமற்றவர் என்பது தெளிவாயிற்று. ஆனால் அடுத்த நொடியே ஒருவர், “அப்படியானால் பணத்தை வாங்கிக்கொண்டே வரவில்லை என்கிறாளா?” என்று கேட்டார். பார்த்தீர்களா வாசகர்களே! பழி ஒருவர் தலையிலிருந்து இறங்கிய கையோடு இன்னொருவர் தலையில் ஏறிவிட்டது. அதுவும் யார் தலையில்? கணவனை இழந்து, பீடி சுற்றிப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண்ணின் தலையில். அச்சிட்ட எழுத்துக்கும் ஓர் ஏழைப்பெண்ணின் சொல்லுக்கும் முரண் வந்தால், நாம் எழுத்தையே நம்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஐந்தருவிச் சாலையில்

சனிக்கிழமை மாலை, கணக்கு மாமாவிடம் நற்செய்தி சொல்லப் போனேன். ஐந்தருவிச் சாலையில் அவர் மகன் பழக்கடை வைத்திருந்தார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடைகளில் குவிந்திருக்க, பின்னால் ஒரு முக்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். “மாமா, உங்கள்மீது தவறில்லை என்று தெரிந்துவிட்டது. அறிக்கை எடுத்துவிட்டேன். பணம் அந்தப் பெண்ணுக்குத்தான் போயிருக்கிறது” என்றேன்.

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அந்தப் பிள்ளை பொய் சொல்லாதே, ஹஜ்ரத்” என்றார். பிறகு என் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இதில் முழு எண் இல்லை. இந்தப் பெயரை யார் எழுதினார்கள்?” என்று கேட்டார்.

“வங்கி எழுதியிருக்கிறது.”

“இல்லை ஹஜ்ரத். நாம் எந்தப் பெயரைப் பதிந்தோமோ அதைத்தான் வங்கி நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. கணக்கின் சொந்தக்காரர் பெயர் இது என்று வங்கி சொல்லவில்லை.”

வாசகர்களே, நான் வங்கியைப் பற்றிக் கற்ற முதற்பாடம் இதுவே. கற்ற இடம் ஒரு பழக்கடை. அவர் தம்மீது விழுந்த பழி நீங்கியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

அறிக்கை சொன்ன உண்மை

மத்ரஸாவின் கணினியில் அமர்ந்து, மாமா சொல்லச் சொல்ல நான் செய்தேன். சுருக்க அறிக்கையை விடுத்து விரிவான அறிக்கையைக் கேட்கச் சொன்னார். நிலை என்ற இடத்தில் ‘வெற்றி’ என்பதை மட்டும் குறிக்காமல், நிலுவையில் உள்ளவை, திரும்பி வந்தவை உட்பட ‘அனைத்தும்’ என்று குறிக்கச் சொன்னார். அதைக் கோப்பாக இறக்கித் திறந்தால், கைப்பேசியில் கண்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு! ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அதற்கேயுரிய யு.டி.ஆர். எண் இருந்தது. நெஃப்ட் முறையில் அனுப்பும் பணத்துக்கு அந்த எண் 16 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது, ஆர்.டி.ஜி.எஸ். முறையில் 22. இந்த எண் ஒன்றைக் கொண்டு அந்தப் பணத்தின் தடத்தைக் கேட்டறியலாம். பதிவு செய்தவர், அனுமதித்தவர், நாள், மணி, நிமிடம் எல்லாம் இருந்தன. பெறுபவரின் முழுக் கணக்கு எண்ணும் இருந்தது.

அந்தச் சகோதரி புதன்கிழமையே எங்களிடம் விட்டுச் சென்ற பாஸ்புக்கை எடுத்து, மாமா ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது இலக்கத்தில் அவர் “ஒன்று” என்றார். திரையில் ஏழு இருந்தது.

பிறகு மாமா, உதவி பெறுவோரைப் பட்டியலில் சேர்த்த வரலாற்றைத் தனி அறிக்கையாக எடுக்கச் சொன்னார். வந்தது. சேர்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.

நினைவு வந்தது. மார்ச் மாதம் அவர் தம் வீட்டுக்கு அருகிலுள்ள வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கியிருந்தார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன், நோட்டுத் தாளைக் கிழித்துப் புது எண்ணை எழுதிக் கொண்டுவந்தான். அவன் எழுதிய ஒன்றின் தலையில் ஒரு கொக்கி. நான் அதை ஏழு என்று படித்தேன். கணக்கு எண்ணை இரண்டு முறை எழுதுமாறு கணினி கேட்கத்தான் செய்தது. தவறாகப் படித்தவன் இரண்டு முறையும் தவறாகத்தானே எழுதுவான்? பாஸ்புக்கின் நகலை நான் கேட்கவில்லை. மாமா அந்தத் துண்டுத் தாளைக் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்து என் முன் வைத்தவர், “பிள்ளை எழுத்துதானே ஹஜ்ரத், யாருக்கும் இப்படித்தான் தெரியும்” என்றார். இரண்டு நாள் முன்பு ‘திருடன்’ என்று நாங்கள் எண்ணிய மனிதர் எனக்காகச் சொன்ன சமாதானம் அது. நாணத்தால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெயர் வேறு, எண் வேறாக இருந்தும் வங்கி எப்படிப் பணத்தைச் சேர்த்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, இத்தகைய பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கலாம். சரியான எண்ணைத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு. நாம் அஞ்சலட்டையில் பெயரைச் சரியாக எழுதி, கதவிலக்கத்தைத் தவறாக எழுதினால், தபால்காரர் பெயரை வைத்துத் தெருவில் விசாரித்தாவது கொடுத்துவிடுவார். கணினி விசாரிக்காது.

அன்றிரவே என் கைப்பணத்திலிருந்து 9,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை மாமாவும் நானும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றோம். பணத்தைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவரை நாங்கள் ஐயுற்றது அவருக்குத் தெரியாது. சொல்லித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர் அழுதார். பின் எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில், முதற்கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். சாவிக்கொத்தை என் கையாலேயே மாமாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

தவறான கணக்குக்குச் சென்ற பணம், அந்தக் கணக்குக்கு உரியவரின் இசைவின்றித் திரும்பாது. வங்கியில் யு.டி.ஆர். எண்களோடு மனுக் கொடுத்தோம். அந்தப் பணத்தைப் பெற்றவர் வேறு மாவட்டத்துக்காரர். அரசு மானியம் என்று எண்ணியிருந்தாராம். இரண்டு மாதத் தொகையை உடனே திருப்பினார். செலவழித்துவிட்ட மூன்றாவதை ரமளானுக்கு முன் அனுப்பிவைத்தார். முகமறியாத அந்த மனிதரின் நேர்மைக்கும் நான் கடன்பட்டவன்.

அத்தாவின் பெட்டி

இந்த நிகழ்ச்சிக்குப் பின் என் மனம் அடிக்கடி என் இளமைக்காலத்துக்குச் சென்றது. என் அத்தா கொல்லத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார்கள். மாதந்தோறும் மணியார்டர் வரும். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்து, படிவத்தில் அம்மாவின் கைநாட்டைப் பெறுவார். செய்தி எழுதிய துண்டை அம்மா வைத்துக்கொள்வார்கள். அடுக்களைச் சுவரில் தொங்கிய கம்பியில் அதைக் குத்தி வைப்பார்கள். பணம் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு, மீண்டும் தபாலில் அத்தாவுக்கே போய்ச் சேரும்.

அத்தா மவுத்தான பிறகு அவர்களுடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். மாதவாரியாக அடுக்கி நூலால் கட்டிய ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. பழைய சீட்டுகளில் அம்மாவின் பெருவிரல் ரேகை. சில ஆண்டுகள் கழித்து வந்தவற்றில், நடுங்கும் எழுத்துகளில் அம்மாவின் பெயர். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்காகவே அம்மா எழுதப் பழகியிருக்கிறார்கள்! அத்தாவுக்கு அந்தச் சீட்டு, பணம் சேர்ந்ததற்கான சான்று மட்டுமன்று. வீட்டில் எல்லாரும் நலம் என்பதற்கான கடிதமும் அதுவே.

தந்திக் கம்பி வழியாகப் பணம் அனுப்பும் முறையும் இருந்தது; பிற்காலத்தில் கணினி வழியாக அனுப்பும் முறை வந்தது. நம் நாட்டில் தந்திச் சேவையே 2013ஆம் ஆண்டு ஜூலையில் முடிவுற்றது. பழைய மணியார்டரும் 2015இல் மறைந்து மின்னணு வடிவத்துக்கு மாறியது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் வழியே இரவு பகல் எந்நேரமும், விடுமுறை நாளிலும் பணம் அனுப்பலாம். கொல்லத்திலிருந்து நாட்கணக்கில் வந்த பணம் இன்று சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. இவையெல்லாம் பெரும் வசதிகளே. ஆனால் இந்த வேகத்தில், பெற்றவரின் கையொப்பம் நம்மிடம் திரும்பி வரும் வழக்கம் நின்றுவிட்டது. ‘வெற்றி’ என்று வங்கி சொல்வது, நாம் கொடுத்த எண்ணுக்குப் பணம் போயிற்று என்பதை மட்டுமே. நாம் நினைத்த மனிதருக்குப் போயிற்றா என்பதை அம்மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அச்சுப்பொறி நின்ற நாட்கள்

இது என்னைப் போன்ற கணக்கறியாதவனுக்கு மட்டும் நேர்வது என்று எண்ணிவிடாதீர்கள். ஒப்புகை வராததைப் பொருட்படுத்தாமல் விட்டதால் ஒரு நாட்டின் மத்திய வங்கியே பறிகொடுத்திருக்கிறது.

நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் வங்கிகள், ஸ்விஃப்ட் என்னும் அமைப்பின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. 1973ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் தோன்றிய கூட்டமைப்பு அது. அது பணத்தைச் சுமப்பதில்லை. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்’ என்ற கட்டளையை மட்டுமே சுமக்கிறது.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, டாக்காவிலுள்ள பங்களாதேஷ் வங்கியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தனர். நியூயார்க்கிலுள்ள மத்திய ரிசர்வ் வங்கியில் அந்நாட்டுக்கு இருந்த கணக்கிலிருந்து, 35 பொய்க் கட்டளைகள் மூலம் ஏறத்தாழ 95 கோடி டாலரைப் பெயர்க்க முயன்றனர். அந்தக் கட்டளைகளுக்கான ஒப்புகைகளை அச்சிட்டுத் தரும் அச்சுப்பொறியை முன்னதாகவே முடக்கிவிட்டனர். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வந்திருந்த அலுவலர்கள், அச்சுப்பொறி வழக்கம்போலப் பழுதாகிவிட்டது என்று எண்ணினர். அதைச் சீர்செய்து, குவிந்து கிடந்த செய்திகளைப் படிப்பதற்குள் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவிலுள்ள ஒரு வங்கிக் கிளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மீண்டது. எதனால் தெரியுமா? ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கி ஒன்று ஐயுற்று, விளக்கம் கேட்டது. எழுத்தைப் படித்த ஒருவர் இருந்ததால் 2 கோடி டாலர் பிழைத்தது. இலக்கத்தை ஒழுங்காகப் படிக்காத ஒருவன் இருந்ததால் ஓர் ஏழைத்தாயின் 9,000 ரூபாய் தவறிப் போயிற்று.

இரண்டாண்டு கழித்து நம் தமிழகத்திலேயே இது நிகழ்ந்தது. 1904ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தொடங்கப்பட்டது சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6 மாலை, அவ்வங்கியின் ஸ்விஃப்ட் அச்சுப்பொறியும் இவ்வாறே செயலிழக்கச் செய்யப்பட்டது. மூன்று பொய்க் கட்டளைகள் வெளியே சென்றன. 5 லட்சம் டாலர் துபாய்க்கு, 3 லட்சம் யூரோ துருக்கிக்கு, 10 லட்சம் டாலர் சீனாவுக்கு. ஆனால் மறுநாளே, பிப்ரவரி 7 அன்று, வங்கியினர் தங்கள் ஏட்டையும் வெளிநாட்டு வங்கிகளின் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கையில், தாங்கள் அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் இருப்பதைக் கண்டுகொண்டனர். உடனே எல்லா இடங்களுக்கும் செய்தி பறந்தது. துபாய்க்குச் சென்ற தொகை திரும்பி வந்தது; துருக்கிக்குச் சென்றது அங்கேயே நிறுத்தப்பட்டது. டாக்காவில் நாட்கள் கடந்தன; கும்பகோணத்தில் மறுநாளே கண்டார்கள். அன்றன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமே இழப்பைக் குறைத்தது.

சாரமான சில செய்திகள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனம்தான் திருமறையின் மிக நீண்ட வசனம்; அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதும், சாட்சிகள் வேண்டும் என்பதும் அதில் அடங்கும். பல ஆண்டுகளாக அதை ஓதிக் கொடுத்து வருகிறேன். எழுத்தும் சாட்சியும் ஏன் ஒன்றாகச் சொல்லப்பட்டன என்பதை அந்த ஜூலை மாதத்தில்தான் உணர்ந்தேன். வங்கி அறிக்கை எழுத்து. பெற்றவரின் வாய்ச்சொல் சாட்சி.

இப்போது எங்கள் மத்ரஸாவில் சில வழக்கங்களைக் கொண்டுவந்துள்ளோம். உங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

பாஸ்புக்கின் முதற்பக்க நகலின்றி எவருடைய எண்ணையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்த்தவுடன் ஒருவர் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்து ஒப்பிடுகிறோம். புதிய எண்ணுக்கு முதலில் ஒரு ரூபாய் மட்டும் அனுப்பி, பெற்றவரிடம் கேட்டறிந்த பின்பே முழுத்தொகையை அனுப்புகிறோம். தொகையை அனுப்பும் முன் அந்த எண்ணுக்கு உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளிலும் 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அந்தப் பெயரையும் நின்று படிக்கிறோம். அன்று அவ்வசதி இருந்திருந்தால் என் பிழை அரை நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும்.

மாத இறுதியில் விரிவான அறிக்கையை எடுத்து, வங்கி ஏட்டையும் நம் ஏட்டையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். திரும்பி வந்த தொகைகளைத் தனியே குறிக்கிறோம். பதிவு செய்தவரும் அனுமதித்தவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் அதில் கையொப்பமிடுகிறார்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கும் இது பொருந்தும். நீங்கள் செய்யாத பரிமாற்றம் ஒன்று அறிக்கையில் தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறுமின்றி வெளியார் எவரோ பணத்தை எடுத்திருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் தெரிவிப்பவருக்கு இழப்பேதும் இல்லை. நாள் தள்ளினால் இழப்பில் பங்கு நம் தலையில் விழும். இணைய மோசடி என்றால் 1930 என்ற எண்ணையும் அழைத்துவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் வங்கிச் செய்தியைப் படிக்காமலே நீக்கிவிடும் பழக்கம் நம் இல்லங்களில் மிகுதி. அது, தபால்காரர் கொண்டுவந்த ஒப்புகைச் சீட்டைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி மாலை, கணக்கு மாமா ஒன்பது தாய்மார்களையும் தொலைபேசியில் அழைக்கிறார். “அம்மா, பணம் வந்ததா? பிள்ளை நன்றாகப் படிக்கிறானா?” என்று கேட்கிறார். வந்தது என்று சொன்னால், அந்தப் பெயருக்கு எதிரே ஏட்டில் ஒரு குறி இடுகிறார். ஒன்பது குறிகளும் விழுந்த பிறகே அந்த மாதக் கணக்கை மூடுகிறோம்.

செங்கோட்டைப் பக்கத்துச் சகோதரியின் மகன் இப்போது எட்டாம் வகுப்பைக் கடந்துவிட்டான். சென்ற சாரலில் மத்ரஸாவுக்கு வந்தவன், மாமாவின் ஏட்டில் தன் தாயின் பெயருக்கு நேரே தேதி எழுதினான். “ஒன்றுக்குக் கொக்கி போடாமல் எழுது” என்று மாமா சொல்ல, அவன் காரணம் புரியாமல் சிரித்தான். காரணம் தெரிந்த நான் பேசாமல் இருந்தேன்.

வாசகர்களே, இம்மாதம் நீங்கள் யாருக்கேனும் பணம் அனுப்பியிருந்தால், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு அவரை அழைத்து ஒரு சொல் கேளுங்கள். வஸ்ஸலாம்.